ஜி எழுத்து வரைக்கும் ஆங்கிலம்

நான் பார்த்த வேலையில் இப்போது சுகன்யா என்றொரு பெண் இருக்கிறாள். போன மாதம் ஒரு பழைய பதிவேட்டைப் பற்றிக் கேட்க என் வீட்டுக்கு வந்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஏழு நிமிடம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. அந்த ஏழு நிமிடத்தில் அவளுடைய கைப்பேசி மூன்று முறை கைதட்டியது. என்னவென்று கேட்டேன். ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் செயலியாம். பாடத்தைச் சரியாக முடித்தால் கைதட்டுமாம். ஒரு நாள் விட்டுவிட்டால் அழுகிற முகம் காட்டுமாம்.

"உங்க காலத்துல இங்லீஷ் எப்படி சார் கத்துக்கினீங்க?" என்றாள்.

"முப்பத்தொரு வருஷம் நாலு மாசம் சர்வீஸ்மா. ஒருத்தர்கூட எனக்குக் கை தட்டல" என்றேன்.

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது. பதில் கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்றோர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளரும் நான்கு முறை ஆள் அனுப்பிவிட்டார். மூன்று முறை முட்டிவலி என்று சொல்லித் தப்பித்தேன். முட்டிவலி உண்மைதான், ஆனால் முட்டியால் யாரும் எழுதுவதில்லை. ஆகவே சுகன்யாவுக்கான பதிலைச் செயலாளர் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். காட்டூரில் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. மீன் என்றால் எனக்குக் குழம்பில் கிடப்பது, அவ்வளவுதான். பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் முதல் முறை முப்பத்தொன்று, இரண்டாம் முறை முப்பத்தாறு. அந்த ஐந்து மதிப்பெண்ணில் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. ஏரியில் பிடிபடும் மீனைக் கணக்கெடுக்கும் கள உதவியாளர், தற்காலிகம். பயிற்சி இரண்டு மாதம். நாற்பத்திரண்டு மீன்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள். நீந்தச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வருடத்தில் மூன்று முறை ஏரியில் விழுந்தேன். ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான் என்பதால் இன்றைக்கு இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

வேலை இதுதான். கரைக்கு வரும் படகுகளில் மூன்றுக்கு ஒன்றை நிறுத்த வேண்டும். கூடைகளை எண்ண வேண்டும். ஒரு கூடையைக் கொட்டி வகை பிரிக்க வேண்டும். அதில் ஐம்பது எறாவை (இறாலுக்கு இங்கே அதுதான் பெயர்) எடுத்து, ஒவ்வொன்றாக மர அளவுகோலில் கிடத்தித் தலையிலிருந்து வால் வரை அளந்து, பதினாறு கட்டம் போட்ட படிவத்தில் எழுத வேண்டும். ஐம்பதில் இருபதாவது எறாவை அளக்கும்போது லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்கள் சுற்றி நின்றுவிடுவார்கள்.

"இன்னா சாரு, எறாவுக்கு அளவு எடுக்கிறியே, சட்ட தைக்கப் போறியா?"

"அரைக்கை வையி சாரு. வேர்க்கும் அதுக்கு."

எனக்கு எண்ணிக்கை தவறிவிடும். முதலிலிருந்து ஆரம்பிப்பேன். எறாவின் சொந்தக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

படிவம் முழுக்க ஆங்கிலம். பதினைந்து கட்டங்களில் எண் போட்டால் போதும், அதில் எனக்குச் சிரமமில்லை. பதினாறாவது கட்டம்தான் என் எதிரி. பிடிப்பு குறைந்திருந்தால் அதற்கான காரணத்தை முழு வாக்கியமாக அதில் எழுத வேண்டும். காற்று, மழை, நிலா வெளிச்சம், வலையில் சொறி என்கிற ஜெல்லிமீன் ஏறியது என்று ஏதாவது ஒரு காரணம். காரணம் இல்லாமல் மீன் குறையக் கூடாது என்பது துறையின் எண்ணம்.

எங்கள் அலுவலகம் ஏரிக்கரையில் இரண்டு அறைகள். உப்புக்காற்றில் குண்டூசி பத்தே நாளில் துருப்பிடித்துத் தாளில் கறை போட்டுவிடும். ஆகவே எங்கள் மேலதிகாரி தேவசகாயம் சார் குண்டூசிக்குப் பதில் கருவேல முள்தான் என்று உத்தரவு போட்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை முள் ஒடித்து வருவது. ஒரே அளவில் அறுபது முள். கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தேவசகாயம் சார் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. உரக்கப் பேச வேண்டியது நான்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த வாரத்துப் படிவங்களை அவர் மேசை முன்னால் நின்று படிக்க வேண்டும். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மடியில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். உரித்துத் தின்றுகொண்டே கேட்பார். தப்பு வந்த இடத்தில், கண்ணைத் திறக்காமலே, ஒரு தோலை எடுத்து மேசை விளிம்பில் வைப்பார். எது தப்பு என்று சொல்ல மாட்டார். நானாகக் கண்டுபிடித்து மறுபடி படிக்க வேண்டும். அதுவும் தப்பென்றால் பக்கத்தில் இன்னொரு தோல் வரும். எல்லாம் முடிந்ததும் கண்ணைத் திறந்து தோல்களை எண்ணி, எண்ணிக்கையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, என் கோப்பில் முள்ளால் குத்துவார். நான் ஒடித்துவந்த முள்.

முதல் சனிக்கிழமை இருபத்துமூன்று. ஒரு சனிக்கிழமை என் தப்புகள் அவர் தின்ற கடலையை முந்திவிட்டன. கையால் மேசைக்கும் மடிக்குமாகத் துழாவினார், தோல் இல்லை. பாதியில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். பியூனைக் கூப்பிட்டு இன்னொரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னார். பொட்டலம் வரும் வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமானால் 'ஆங்கிலத்தில் தகவல் தெரிவிக்கும் திறமை உண்டு' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் மூன்று தங்கைகள். தற்காலிகம் என்ற சொல் போகாத வரைக்கும் நைனா எனக்குப் பெண் பார்ப்பதாகவும் இல்லை. ஆகவே ஆங்கிலத்தை விடுவதில்லை என்று இறங்கினேன்.

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு வெளியே பழைய புத்தகக் கடையில் ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கினேன். முதல் பன்னிரண்டு பக்கம் கிழிந்து போயிருந்தது. அதனால் பெயர்ச்சொல் என்றால் என்ன என்பது இன்றுவரைக்கும் எனக்கு ஒரு யூகம்தான். ஆனால் செயப்பாட்டு வினை முழுதாக இருந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு பயிற்சிகள். எல்லாவற்றையும் போட்டேன். போட்டுப் போட்டுப் புத்தி அதிலேயே ஓடியது. யாராவது "சாப்ட்டியா சாரு?" என்று கேட்டால், 'சோறு என்னால் உண்ணப்பட்டது' என்று மனத்துக்குள் மாற்றி முடித்த பிறகுதான் "ஆச்சு" என்று வாயில் வரும். அதற்குள் கேட்டவர் போய்விட்டிருப்பார்.

சொல் சேர்ப்பதற்கு ஒரு கையடக்க அகராதி. அதை ஏ-யிலிருந்து வரிசையாக, நாளைக்கு ஆறு சொல் என்று நெட்டுருப் போட்டேன். எந்தச் சொல் ஏரிக்கரையில் உதவும், எது உதவாது என்று பார்ப்பது ஒழுங்கீனம் என்று நினைத்தேன். வரிசை என்றால் வரிசை. துணைக்கு ஆள் இல்லாததால், எழுதிக் கெட்ட படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகினேன். இரண்டு வருடம் பத்து மாதத்தில் ஜி எழுத்து முடிந்தது. ஆறாயிரத்துக்கு மேல் சொற்கள். பனிப்பாறைக்கு ஒரு சொல், கோட்டை அகழிக்கு ஒரு சொல், குத்துச்சண்டைக்காரருக்கு ஒரு சொல் எல்லாம் என்னிடம் இருந்தன. வலை, உப்பு, மணல், நீர் என்பவை இன்னும் வரவில்லை. அவை பின்னால் இருந்தன.

காதைப் பழக்குவதற்குப் படகுத்துறையில் கரீம் பாயின் டீக்கடை. அங்கே வானொலிப் பெட்டி உண்டு. காலையில் ஆங்கிலச் செய்தி வரும். அதன் பிறகு தமிழில் காற்று, மழை அறிவிப்பு. நான் பெட்டியின் மேல் காதை வைத்து உட்கார்ந்துகொள்வேன். அறிவிப்புக்காக வந்தவர்களுக்கு என் முதுகு மட்டும் தெரியும்.

"பாய், காத்து எந்தப் பக்கம்னு கேக்க வந்தோம். இந்த சாரு பொட்டிக்குள்ள தலய வுட்டுக்கினு கீறாரு. வெளிய இஸ்துவுடு" என்பார்கள்.

செய்தியில் எனக்கு எண்கள் மட்டும் பிடிபடும். மற்றதெல்லாம் சட்டென்று ஓடிவிடும். ஒரு நாள் எங்கோ இருநூற்று நாற்பது பேர் போய்விட்டார்கள் என்று கடையில் சொல்லி எல்லாரையும் வருத்தப்பட வைத்தேன். கடையே 'ச்சு' கொட்டியது. கிரிக்கெட் ஓட்டம் என்று மறுநாள் தமிழ்ப் பத்திரிகை சொல்லிற்று.

கரீம் பாய்க்கு என் வயதுதான். ஆறு வருடம் கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்க்க வரும் வெளிநாட்டார் அவர் கடையில்தான் டீ குடிப்பார்கள். அவர் ஆங்கிலத்தைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். "மிஸ்டர், கம், சிட், டீ குட்" என்பார். அவர்கள் சொல்வது புரியாவிட்டால் கையை உயர்த்தி, வண்டியை நிறுத்துகிற மாதிரி, "ஸ்லோ மிஸ்டர், அகெய்ன்" என்பார். ஒரு முறை இல்லை, புரிகிற வரைக்கும்.

"பாய், இப்ப சொன்ன ஆறு வார்த்தையில ஒன்பது தப்பு" என்றேன் ஒரு நாள்.

"தப்பு என்னுது சாரே, டீ அவன்து. ரெண்டு பேருக்கும் கெடச்சாச்சு. உனுக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். படித்தவன் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

இந்த நிலையில்தான் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் ஒரு சிறு குழுவோடு எறா ஆராய்ச்சிக்கு வந்தார். உயரமானவர், மென்மையாகப் பேசுகிறவர். எந்த நாடு என்று முதல் நாளே சொன்னார். ஜி-க்குப் பிறகு வரும் எழுத்தில் தொடங்குகிற நாடு போலிருக்கிறது, எனக்குப் புரியவில்லை. குப்பத்தார் அவரைத் துரை என்றார்கள். தேவசகாயம் சார் என் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். அந்த மாதம் தோல்கள் ஏழுக்கு இறங்கியிருந்தன. "நீ போ" என்றார். எனக்கு அது பதவி உயர்வு மாதிரி இருந்தது.

நிபுணரும் நானும் ஒரு படகில் முகத்துவாரம் வரை போனோம். கடலும் ஏரியும் சேருகிற வாய் அது. போகும் வழியில் அவர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். பதினொரு கேள்விகள், எண்ணினேன். ஒன்றும் விளங்கவில்லை. நடுநடுவே எனக்குத் தெரிந்த ஒரு சொல் மிதந்து வரும், அதைப் பிடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். புரியவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் மூன்று வருடம் பாடுபட்டவன், முந்நூற்றுப் பன்னிரண்டு பயிற்சி போட்டவன், ஒரு டீக்கடைக்காரர் மாதிரிக் கையை உயர்த்தி நிறுத்துவதா? பத்து கேள்விகளுக்கு "யெஸ் சார்" என்றேன். ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் "வெரி குட் சார்" என்றேன். அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முழுவதும் அந்தக் கையைக் கழுவ மனம் வரவில்லை. எறா வாடை இருந்ததால் கடைசியில் கழுவினேன்.

இங்கே பாடு என்பதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய ஓடையில்தான் எறா திரண்டு வரும். அங்கே வலை கட்ட வசதியான இடம் கொஞ்சம். எல்லாரும் ஒரே நாளில் போனால் அடிதடிதான். ஆகவே ஊர்கள் நாள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு ஊருக்குள்ளே எந்தப் படகு எந்த நாள், எந்த இடம் என்பதைக் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். உன் நாளில் உனக்குக் காய்ச்சல் என்றாலும், புயல் என்றாலும், அந்தப் பாடு போய்விடும். திரும்பத் தர மாட்டார்கள். அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இதில் எழுத்தோ கையெழுத்தோ கிடையாது. ஆனால் என் சர்வீஸில் யாரும் இதை மீறி நான் பார்த்ததில்லை. பதினாறு கட்டப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

அந்த வருடம் எட்டியப்பன் என்பவருக்கு இரண்டு பாடு தொடர்ச்சியாகப் போயிருந்தது. அவர் படகில் நான்கு பங்காளிகள், நான்கு குடும்பம். மூன்றாவது பாடு ஒரு வியாழக்கிழமை வந்தது. அவர் மனைவி அஞ்சலை அடுப்பங்கரைச் சுவரில் கரியால் நாள் கோடு போட்டு வைத்திருந்தார். நாற்பத்தொரு கோடு. கரையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாரு, வியாழக்கிழம எங்க படகத்தான் நீ நிறுத்தணும். கூட எண்ண உன் கை விரலு பத்தாது, பாத்துக்கோ" என்பார்.

வியாழக்கிழமை காலை படிவமும் அளவுகோலுமாக முகத்துவாரத்துக்குப் போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. எட்டியப்பனின் இடத்தில், ஓடைக்குக் குறுக்கே, சவுக்குக் கம்புகள் நட்டிருந்தன. நடுவில் மெல்லிய ஆராய்ச்சி வலை. கம்புகளுக்கு இந்தப் பக்கம் எட்டியப்பனின் படகு நின்றது. அதிலிருந்த வலை ஈரமாகக்கூட ஆகவில்லை. மணல் திட்டில் நிபுணரும் தேவசகாயம் சாரும் நின்றிருந்தார்கள். கரீம் பாய் நிபுணர் குழுவுக்கு டீ கொண்டுவந்தவர், கெட்டிலைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வத்தம் தொடங்கிவிட்டது. வத்தம் என்றால் ஏரி நீர் கடலுக்கு இறங்குகிற நேரம். அந்த ஓட்டத்தில்தான் எறா வரும். மத்தியானத்துக்குள் அது நின்றுவிடும்.

எட்டியப்பன் தண்ணீரில் இறங்கி என்னிடம் வந்தார்.

"சாரு, நீயே சொல்லு. இன்னிக்கி யாரு பாடு?"

"உங்களுதுதான்."

"அப்ப இது இன்னா? எவன் நட்டான்?"

அஞ்சலை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "ரெண்டு தபா போச்சு சாரு. ஒரு தபா மஞ்சக்காமால, ஒரு தபா பொயலு. அதெல்லாம் சாமி குட்த்தது. இது யாரு குட்த்தது?" என்றார்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் வேறு யாரோ செய்த அநியாயத்தைப் பார்க்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கரீம் பாய்தான் நிபுணரிடம் போனார். கம்புகளைக் காட்டினார், படகைக் காட்டினார். "மிஸ்டர், ஹூ சே ஓகே?" என்றார்.

நிபுணர் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு பென்சிலை நீட்டி என்னைக் காட்டினார்.

எட்டியப்பனுக்கு ஆங்கிலம் தெரியாது. பென்சில் காட்டிய திசை தெரிந்தது. அஞ்சலைக்கும் தெரிந்தது. அவர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எண்ணில் சொல்ல முடியாது.

தேவசகாயம் சார் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். என் முள் குத்தியிருந்தது. எட்டு நாளைக்கு அந்த இடத்தைத் தர ஊர் சம்மதித்ததாகக் கள உதவியாளர் தெரிவித்தார் என்று நிபுணர் எழுதியிருந்தார். சார் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார். அவர்களை நீ கேட்டாயா என்று. கேட்பதற்கான சொல் ஏ-யில் தொடங்குகிறது. புரியவில்லை என்று தப்பிக்க வழியே இல்லை.

நான் கம்புகளை எண்ண ஆரம்பித்தேன். எனக்கு வேறென்ன தெரியும். பதினெட்டுக் கம்புகள். எண்ணி முடிக்கிற நேரத்துக்குள் ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள், இப்போது மறுக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். நிபுணர் நம்புவார். சார் கோப்பில் எழுதுவார். குப்பத்தார் சொல் மாறுகிறவர்கள் என்று ஆகும், அவ்வளவுதான். என் வேலை நிரந்தரமாகும். அங்கே நான் என்ன சொன்னேன் என்று எட்டியப்பனுக்குத் தெரியவே போவதில்லை. கரீம் பாய் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கெட்டிலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீர் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ சார்" என்றேன். "ஐ சே யெஸ். ஐ நோ அண்டர்ஸ்டாண்ட். ஆல் யெஸ், நோ அண்டர்ஸ்டாண்ட்."

மூன்று வருடப் படிப்பு அங்கே வந்து நின்றது. செயப்பாட்டு வினை ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. நிபுணர் ஏதோ வேகமாகச் சொன்னார். நான் கையை உயர்த்தினேன். "ஸ்லோ சார். அகெய்ன்."

பின்னால் கரீம் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நிபுணர் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்துப் பதினொரு கேள்விகளையும் மறுபடி கேட்டார், மெதுவாக, மணலில் கோடு கிழித்துக் காட்டி. நான் ஒவ்வொன்றையும் எட்டியப்பனிடம் தமிழில் கேட்டு, அவர் சொன்னதைக் கையும் காலுமாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஏழு கேள்விகளுக்கு இல்லை, நான்குக்கு ஆம். நான் 'வெரி குட்' என்ற ஒன்பதாவது கேள்வி, இந்த இடத்தை இழப்பதால் இவர்களுக்குக் கஷ்டம் உண்டா என்பது.

நிபுணர் நோட்டை மூடினார். காலணிகளைக் கழற்றி, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி முதல் கம்பைப் பிடித்து ஆட்டினார். நானும் இறங்கினேன். தேவசகாயம் சார் கரையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் உறுதியாக நட்டிருந்தார்கள், நன்றாக நட்டிருந்தார்கள். பதினெட்டுக் கம்பைப் பிடுங்க ஒரு மணி ஐம்பது நிமிடம். அதற்குள் பாதி வத்தம் போய்விட்டது.

எட்டியப்பன் வலை கட்டினார். மத்தியானம் கரைக்கு வந்தது நான்கு கூடை. முந்தின நாள் அதே இடத்தில் இன்னொரு படகுக்கு ஒன்பது கூடை என்று நானே எழுதியிருந்தேன். நான்கு குடும்பத்துக்கு நான்கு கூடை. அஞ்சலை ஒவ்வொரு கூடையையும் ஒருமுறை குலுக்கிப் பார்த்தார், அடியில் இன்னும் ஏதாவது இருக்குமா என்பது போல.

"எண்ணு சாரு" என்றார் எட்டியப்பன்.

எண்ணினேன். விரல்கள் போதுமானதாக இருந்தன.

"நாலு. எழுதிக்கோ. மீதி அஞ்சு கூட எங்க போச்சுனும் எழுது. கொறஞ்சதுக்குக் காரணம் போடறதுக்கு உங்கிட்ட ஒரு கட்டம் கீதில்ல? இன்னா போடுவ அதுல? நெலாவா? சொறியா?"

"சரியானத போடறேண்ணே."

"போடு, போடு. போட்டு அந்த கடலக்கொட்ட சாராண்ட படிச்சிக் காட்டு" என்றார். வாராவாரம் என் குரல் வெளியே கரை முழுக்கக் கேட்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் எட்டியப்பனுக்குப் போன பாட்டைத் திருப்பித் தரவில்லை, முறை முறைதான். அடுத்த சுற்று வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு கூடை கிடைத்தது. அது வரும் வரை நானும் என் அறைச் சுவரில் கோடு போட்டேன். என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் ஆனது. குப்பத்தில் எனக்கு யெஸ் சாரு என்று பெயர் நிலைத்தது. எண்பதுகளில் பிறந்த பிள்ளைகள் அதுதான் என் உண்மைப் பெயர் என்று நினைத்து ஒருமுறை கல்யாணப் பத்திரிகையிலும் எழுதிக் கொடுத்தார்கள். அகராதியை எச் எழுத்திலிருந்து தொடரவில்லை. நடுவில் எங்கே வேண்டுமானாலும் பிரித்து, அன்றைக்குத் தேவையான சொல்லைத் தேடிக்கொண்டேன். வலை, உப்பு, நீர் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன.

அந்த வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்குப் போய் நின்றேன். தேவசகாயம் சார் கண்ணை மூடி, பொட்டலத்தைப் பிரித்தார். திங்கள், செவ்வாய், புதன் படிவங்களைப் படித்தேன். மூன்று தோல்கள். வியாழக்கிழமைப் படிவத்தை எடுத்தேன். முதல் பதினைந்து கட்டம் எண்கள், தடங்கல் இல்லை. பதினாறாவது கட்டத்தில் ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தேன்: இந்தப் படகின் பிடிப்பு குறைந்ததற்குக் காரணம், கள உதவியாளர் புரியாமல் ஆம் என்றார். எழுதும்போது எத்தனையோ தடவை சரிபார்த்தேன். படிக்கும்போது எங்கே எத்தனை தப்பு என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிச்சயம் இரண்டு தப்பாவது இருந்திருக்கும்.

படித்து முடித்து நின்றேன். சார் ஒரு கடலையை உடைத்தார். பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். தோல் விரல்களுக்கு நடுவில் இருந்தது. கை மேசை விளிம்பு வரைக்கும் வந்தது. நான் மறுபடி படிக்கத் தயாராக மூச்சை இழுத்தேன்.

அவர் அந்தத் தோலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்தது" என்றார்.